விண்ணில் கரையும் எலும்புகள்

நுழையும்முன்

புவியீர்ப்பு விசை மனித உடலைக் கணந்தோறும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனை எதிர்த்து நிற்பதையும் நடப்பதையும் மனிதர் ஒரு செயலாகவே கருதுவதில்லை. அந்த இழுவை நீங்கிவிட்டால் உடலுக்கு ஓய்வும் இன்பமும் கிடைக்கும் என்றே தோன்றும். ஆனால், விண்வெளியில் மாதக்கணக்கில் வாழ்ந்து திரும்பிய வீரர்களின் எலும்புகள் வேறு செய்தியைச் சொல்கின்றன. சுமையே எலும்பைக் காக்கிறது என்னும் அச்செய்தியையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

நிற்க இயலாத வீரர்கள்

1970ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் சோவியத் நாட்டின் சோயுஸ் 9 விண்கலம், ஆந்திரியான் நிகோலயேவ், விதாலி செவஸ்தியானோவ் ஆகிய இருவரையும் சுமந்துகொண்டு விண்ணில் ஏறியது. ஏறத்தாழ 18 நாள்கள் புவியைச் சுற்றிவந்த அவர்கள், அதுவரை எவரும் தங்கியிராத நீண்ட காலம் விண்வெளியில் தங்கினர். ஜூன் 19 அன்று கலம் தரையிறங்கியது. மீட்புக் குழுவினர் விரைந்து சென்றனர். வெற்றிக் களிப்புடன் வெளியே வரவேண்டிய வீரர்களால் தம் கால்களை ஊன்றி நிற்க இயலவில்லை. அவர்களைத் தாங்கிப் பிடித்தே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இயல்பான நடை திரும்புவதற்குப் பல நாள்கள் ஆயின.

அன்று வெளிப்படையாகத் தெரிந்தவை தசைகளின் தளர்ச்சியும் குருதியோட்டத்தின் தடுமாற்றமுமே. ஓய்வும் பயிற்சியும் அவற்றைச் சீராக்கிவிடும். கண்ணுக்குப் புலப்படாத, வலியும் தராத மற்றோர் இழப்பும் விண்வெளியில் நிகழ்கிறது. அது எலும்பில் நிகழும் இழப்பு. விண்வெளிப் பயணம் நாள்கணக்கிலிருந்து மாதக்கணக்கிற்கு நீண்டபோது, மருத்துவர்களைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்தது இதுவே. அக்கவலையின் காரணத்தை அறிய, எலும்பின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

உயிருள்ள கட்டடம்

எலும்பு என்றவுடன் உலர்ந்து வெளுத்த, உயிரற்ற பொருளே பலர் நினைவுக்கு வரும். உடலுக்குள் இருக்கும் எலும்பு அத்தகையதன்று. குருதிக் குழாய்களும் நரம்புகளும் ஊடுருவிச் செல்லும் உயிருள்ள திசு அது. வளர்ந்த மனிதரின் உடலிலுள்ள 206 எலும்புகளும் முதன்மையாக இருவகைப் பொருள்களின் கூட்டால் ஆனவை. கொலாஜன் என்னும் புரத இழைகள் எலும்புக்குச் சற்றே வளைந்துகொடுக்கும் தன்மையை அளிக்கின்றன. அவ்விழைகளின்மீது படியும் கால்சியம் பாஸ்பேட் உப்புப் படிகங்கள் கடினத்தன்மையை அளிக்கின்றன. கம்பியும் சிமெண்டுக் கலவையும் சேர்ந்து காங்கிரீட்டுக்கு வலுவூட்டுவதைப் போன்றது இக்கூட்டு. உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலுமே அடங்கியுள்ளது.

எலும்பின் வெளிப்பகுதி கெட்டியாக இருக்கும். முள்ளெலும்புகளின் உட்புறத்திலும் நீண்ட எலும்புகளின் முனைகளிலும் மெல்லிய சட்டங்கள் பின்னிப் பிணைந்த வலை போன்ற பகுதி ஒன்று உண்டு. கடற்பஞ்சினைப் போன்று தோன்றுவதால் இது பஞ்செலும்பு எனப்படுகிறது. பெயர் பஞ்சு என்றாலும், உடலின் எடையைத் தாங்கிப் பகிர்ந்தளிப்பதில் இதன் பங்கு பெரிது.

எலும்பில் இருவகைச் செல்கள் இடைவிடாது பணிபுரிகின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பழிப்புச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்து நீக்குகின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பாக்கச் செல்கள் நீங்கிய இடத்தில் புதிய எலும்பைப் படியவைக்கின்றன. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, ஓராண்டுக் காலத்தில் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. அழித்தலும் ஆக்கலும் சமமாக நிகழும்வரை எலும்பின் அளவு மாறுவதில்லை. அழித்தல் மிகுந்து ஆக்கல் அதற்கு ஈடுகொடுக்காதபோது எலும்பு அடர்த்தி குறைகிறது. எலும்பின் குறிப்பிட்ட பரப்பில் எவ்வளவு கனிமப்பொருள் உள்ளது என்பதே எலும்பு அடர்த்தி. மருத்துவமனைகளில் டெக்சா என்னும் எக்ஸ் கதிர்க் கருவியைக்கொண்டு இதனை அளவிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

எலும்பைப் பழந்தமிழ் ‘என்பு’ என வழங்குகிறது. உடலைத் தாங்குவன ஏழு தாதுக்கள் எனக் கூறும் சித்த மருத்துவம், என்பினை அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது.

சுமையை உணரும் எலும்பு

1866ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், எர்மன் வான் மேயர் என்னும் உடற்கூறியல் அறிஞர் தொடையெலும்பின் மேல்முனையை நெடுக்காக வெட்டி, உள்ளே சட்டங்கள் அமைந்திருக்கும் முறையை வரைந்து காட்டினார். அங்கிருந்த கார்ல் குல்மன் என்னும் பொறியியல் பேராசிரியர் அவ்வரைபடத்தைக் கண்டு வியந்தார். வளைந்த பாரந்தூக்கி ஒன்று சுமையைத் தூக்கும்போது அதற்குள் விசைகள் எந்தக் கோடுகளின் வழியே செல்லும் என அவர் கணக்கிட்டு வந்தாரோ, ஏறத்தாழ அக்கோடுகளின் வழியிலேயே எலும்பின் சட்டங்களும் அமைந்திருந்தன. பொறியாளர் தாளில் கணித்ததை உடல் தானாகவே கட்டி வைத்திருந்தது.

இக்கருத்தை வளர்த்தெடுத்தவர் செருமனி நாட்டு அறுவை மருத்துவர் யூலியஸ் வுல்ஃப். எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன் வடிவத்தையும் உள்ளமைப்பையும் மாற்றிக்கொள்கிறது என அவர் 1892இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். இது வுல்ஃப் விதி எனப்படுகிறது. டென்னிஸ் விளையாட்டு வீரர்களுள், மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றொரு கையின் எலும்பைவிடத் தடித்திருப்பது இவ்விதிக்குச் சான்றாகும்.

சுமையை எலும்பு எவ்வாறு உணர்கிறது? கெட்டிப்பட்ட எலும்புக்குள்ளேயே புதைந்து வாழும் ஆஸ்டியோசைட் என்னும் செல்கள் இப்பணியைச் செய்கின்றன. அவை நுண்ணிய கால்வாய்கள் வழியாக ஒன்றோடொன்று தொடர்புகொண்டுள்ளன. மனிதர் ஓர் அடி எடுத்து வைக்கும்போது எலும்பு மிக நுட்பமாக வளைகிறது. அப்போது அக்கால்வாய்களிலுள்ள நீர்மம் நகர்கிறது. அந்நகர்வைச் செல்கள் உணர்ந்து, ‘இங்கே எலும்பு தேவைப்படுகிறது’ என்னும் குறிப்பை ஆக்கச் செல்களுக்கு அனுப்புகின்றன. சுமை இல்லாதபோது இதே ஆஸ்டியோசைட்டுகள் ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரந்து, புதிய எலும்பு உருவாவதைத் தடுக்கின்றன. பயன்படாத எலும்பைப் பேணுவதில் உடல் தன் ஆற்றலைச் செலவிடுவதில்லை. சிக்கனமான இந்த ஏற்பாடுதான் விண்வெளியில் இடராக மாறுகிறது.

எடையின்மை

விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை என்று கருதுவோர் பலர். பன்னாட்டு விண்வெளி நிலையம் புவியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகிறது. அவ்வுயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பு விசையில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கவே செய்கிறது. அங்குள்ளோர் மிதப்பதற்குக் காரணம் வேறு. நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் சென்றுகொண்டே புவியை நோக்கி விழுந்துகொண்டும் இருக்கிறது. அது விழும் அளவிற்குப் புவியின் பரப்பும் வளைந்து விலகுவதால், தரையைத் தொடாமல் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றிவிடுகிறது. நிலையமும் அதனுள் இருக்கும் மனிதரும் ஒரே வீதத்தில் விழுவதால், தரை அவர்தம் கால்களைத் தாங்குவதில்லை. கால்களும் தரையை அழுத்துவதில்லை. இதுவே எடையின்மை.

எடையற்ற நிலையில் கால்களுக்கு வேலை இல்லை. வீரர்கள் கைகளால் சுவரை உந்தி நீந்துவதுபோல் நகர்கின்றனர். முதுகெலும்பின் மீதிருந்த அழுத்தம் நீங்கி அது சற்றே நீள்வதால், உயரம் 3 விழுக்காடு வரை கூடுகிறது. புவியில் உடலின் முழு எடையையும் தாங்கிய இடுப்பு, தொடை, கணுக்கால், குதிகால் ஆகியவற்றின் எலும்புகள் பணியற்றுப் போகின்றன. ஆஸ்டியோசைட்டுகளுக்குச் சுமையின் குறிப்பு எட்டுவதில்லை.

இழப்பின் கணக்கு

விண்வெளி வீரர்களின் எலும்பைப் பற்றிய ஆய்வுகள் 1965ஆம் ஆண்டின் ஜெமினிப் பயணங்களின்போதே எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையுடன் தொடங்கின. அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்தில் 1973, 1974ஆம் ஆண்டுகளில் மூன்று குழுவினர் முறையே 28, 59, 84 நாள்கள் தங்கினர். அவர்கள் உண்ட உணவும் வெளியேற்றிய கழிவும் நாள்தோறும் அளந்து குறிக்கப்பட்டன. சிறுநீரின் வழியே கால்சியம் வழக்கத்தைவிட மிகுதியாக வெளியேறியதும், பயணம் முழுவதும் அது தொடர்ந்ததும் தெரியவந்தன. நீண்ட நாள் தங்கியவர்களின் குதிகால் எலும்பு அடர்த்தி இழந்திருந்தது. மணிக்கட்டு எலும்போ பெரிதும் மாறவில்லை. புவியில் உடலைத் தாங்கிய எலும்பே விண்ணில் இழப்புக்குள்ளாகிறது என்பதை இவ்வேறுபாடு காட்டியது.

சோவியத் நாடு தொடங்கி இரசியா தொடர்ந்து இயக்கிய மீர் நிலையத்தில் பல மாதங்கள் தங்கியவர்களை ஆராய்ந்தபோது கணக்கு மேலும் தெளிவாயிற்று. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பிலும் மாதந்தோறும் சராசரியாக 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி குறைந்திருந்தது. புவியில் முதியோர் ஓராண்டில் இழக்கும் அளவை, உடல்வலிமை மிக்க நடுவயதினர் ஒரே மாதத்தில் இழந்தனர் எனலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தொடக்கக்காலக் குழுவினரிடம் மேற்கொண்ட நுட்பமான அளவீடுகளில், இடுப்பின் பஞ்செலும்புப் பகுதி மாதத்திற்கு 2 விழுக்காட்டிற்கும் மேலாகக் குறைவது கண்டறியப்பட்டது. அதே காலத்தில் மண்டையோட்டில் இத்தகைய இழப்பு காணப்படவில்லை. புவியிலும் அது உடலின் எடையைத் தாங்குவதில்லை.

கால்சியம் செல்லும் வழி

எலும்பு கரைந்தால் கால்சியம் நிறைந்த உணவை உண்டு ஈடுசெய்யலாமே என்னும் கேள்வி எழுவது இயல்பு. உடலின் ஒழுங்குமுறை அதற்கு எளிதில் இடம்தருவதில்லை. அழிப்புச் செல்கள் எலும்பைக் கரைக்கும்போது கால்சியம் குருதியில் கலக்கிறது. குருதியில் கால்சியம் போதுமான அளவு இருப்பதை உணரும் பாராதைராய்டு சுரப்பி, தன் ஹார்மோனைக் குறைத்துச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் குறைவதால், சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவிற்கு மாற்றுவதும் குறைகிறது. செயல்படும் வைட்டமின் டி குறைவதால், குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவதும் குறைகிறது. எலும்பிலிருந்து கால்சியம் வந்துகொண்டிருக்கும்வரை, உணவின் வழியே வரும் கால்சியத்தை உடல் முழுமையாக ஏற்பதில்லை. கதிரவன் ஒளி தோலில் படாத மூடிய நிலையத்தில் வைட்டமின் டி-யைத் தனியாகவே உட்கொள்ள வேண்டும். எனினும், உணவும் மருந்தும் மட்டுமே எலும்பைக் காத்துவிடுவதில்லை.

குருதியில் மிகும் கால்சியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இதனால் சிறுநீரகக் கல் உருவாகும் இடர் கூடுகிறது. மருத்துவமனை எட்டாத தொலைவில் கடும் வலிக்கு உள்ளாகும் ஒருவரால் கலத்தை இயக்கவும் இயலாது போகலாம்.

எலும்பிழப்பு ஓர் எந்திரத்தையும் நிறுத்திவைத்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீரைத் தூய்மைசெய்து குடிநீராக்கும் கருவி 2008ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுசெல்லப்பட்டது. மறு ஆண்டே அதன் வடிகலன் அடைபட்டுப் பழுதாயிற்று. அடைத்திருந்த பொருள் கால்சியம் சல்பேட். வீரர்களின் சிறுநீரில் மிகுந்திருந்த கால்சியமும், சிறுநீரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலமும் இணைந்து அவ்வுப்பு படிந்திருந்தது. பொறியாளர்கள் கருவி மீட்கும் நீரின் அளவைக் குறைத்தனர். பின்னாளில் கந்தக அமிலத்திற்கு மாற்றாகப் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினர். மனித எலும்பிலிருந்து கரைந்த கனிமம், எந்திரத்தின் வடிவமைப்பையே மாற்றவைத்தது.

சுமையை உருவாக்குதல்

எலும்பு கேட்பது சுமையை. ஆகவே, சுமை இல்லாத இடத்தில் சுமையை உருவாக்க வேண்டியதாயிற்று. விண்வெளி நிலையத்தில் வாழ்வோர் நாள்தோறும் ஏறத்தாழ 2 மணிநேரத்திற்கு மேல் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகின்றனர். டிரெட்மில் எனப்படும் ஓடுபொறியில் ஓடும்போது மிதந்து செல்லாதிருக்க, தோளிலும் இடுப்பிலும் பட்டைகளை அணிந்து, மீள்தன்மையுள்ள கயிறுகளால் தம்மைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிக்கொள்கின்றனர். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. அதே நாளில் இந்திய வம்சாவளியினரான சுனிதா வில்லியம்ஸ் நிலையத்திலிருந்தபடியே அப்போட்டியில் பங்கேற்று, இவ்வாறு கட்டப்பட்ட நிலையில் முழுத் தொலைவையும் 4 மணி 24 நிமிடங்களில் ஓடி முடித்தார்.

ஓட்டம் மட்டும் எலும்பைக் காக்கப் போதவில்லை. பளுதூக்குவது போன்ற பயிற்சியும் வேண்டும். எடையற்ற இடத்தில் இரும்புக் குண்டுகளால் பயனில்லை. அதனால் வெற்றிட உருளைகளுக்குள் உந்துதண்டுகளை இழுக்கும்போது தோன்றும் எதிர்விசையே பளுவாகப் பயன்படும் கருவி உருவாக்கப்பட்டது. சிறுநீரைத் தூய்மைசெய்யும் கருவியைக் கொண்டுசென்ற அதே விண்ணோடத்தில் இதுவும் நிலையத்தை அடைந்தது. ஏறத்தாழ 270 கிலோகிராம் வரை பளுவுக்கு ஈடான எதிர்விசையை இது தரும். முன்பிருந்த கருவியின் ஆற்றல் இதில் பாதியே. தரையில் ஒருவர் குந்தி எழும்போது அவருடைய உடலின் எடையும் சுமையாகிறது. விண்ணில் அந்த எடையையும் கருவியே தந்தாக வேண்டும் என்பதால் இத்தகைய பேராற்றல் தேவைப்பட்டது.

பயன் கண்கூடாகத் தெரிந்தது. புதிய கருவியில் பயின்று, போதிய உணவும் வைட்டமின் டி-யும் உட்கொண்டவர்கள், எலும்பு அடர்த்தியைப் பெருமளவு இழக்காமல் திரும்பினர். எலும்பு கரைவது அவர்களிடமும் நிற்கவில்லை. ஆனால் எலும்பு உருவாவதும் அதனுடன் சேர்ந்து மிகுந்தது. அலெண்ட்ரோனேட் என்னும் மாத்திரையை வாரம் ஒருமுறை உட்கொண்டு இப்பயிற்சியையும் செய்தவர்களிடம் இழப்பு மேலும் குறைந்தது. எலும்பழிப்புச் செல்களின் வேகத்தைத் தணிக்கும் இம்மருந்து, புவியில் எலும்புப்புரை நோயாளிகளுக்கு வழங்கப்படுவதாகும்.

1995ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று, மீர் நிலையத்தில் 437 நாள்கள் தொடர்ந்து தங்கியிருந்த மருத்துவர் வலேரி பொல்யாகோவ் புவிக்குத் திரும்பினார். கலத்திலிருந்து வெளிவந்த அவர், அருகிலிருந்த நாற்காலி வரையிலான குறுகிய தொலைவைத் தாமே நடந்து கடந்தார். 18 நாள்களுக்குப் பின் நிற்க இயலாதிருந்த நிலைக்கும் இதற்கும் இடையே கடந்த கால் நூற்றாண்டின் பயிற்சி அறிவு அந்தச் சில அடிகளில் அடங்கியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் முதல் விண்வெளி வீரரான இராகேஷ் சர்மா 1984ஆம் ஆண்டு ஏப்ரலில் சல்யூத் 7 நிலையத்தில் ஏறத்தாழ எட்டு நாள்கள் இருந்தார். எடையின்மையால் உடலில் தோன்றும் விளைவுகளை எதிர்கொள்ள யோகப் பயிற்சி உதவுமா என்பதை அறிய, அவர் அங்கு யோகாசனங்களைச் செய்தார்.

திரும்பிய பின்னும் திரும்பாதவை

புவிக்குத் திரும்பியபின் எலும்பு மீண்டும் சுமையைப் பெறுகிறது. இழந்த அடர்த்தி மெல்ல மெல்லக் கூடுகிறது. ஆறு மாதத்தில் இழந்ததை மீட்க ஆண்டுகள் ஆகலாம். மீண்டும் வருவது முன்பிருந்த எலும்புதானா என்பதே ஆழ்ந்த கேள்வி.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 17 விண்வெளி வீரர்களிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2022ஆம் ஆண்டு வெளியாயின. பயணத்திற்கு முன்பும், திரும்பிய உடனும், ஆறு மாதங்களுக்குப் பின்னும், ஓராண்டிற்குப் பின்னும் அவர்களுடைய கீழ்க்கால் எலும்பும் முன்கை எலும்பும் நுண்ணிய முப்பரிமாணப் படங்களாக எடுக்கப்பட்டன. முன்கை எலும்பில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. கீழ்க்கால் எலும்பிலோ, ஓராண்டு கடந்தும் பாதிக்கு மேற்பட்டோர் முழுமையாக மீளவில்லை. ஆறு மாதங்களுக்கு மேல் விண்வெளியில் தங்கியோரிடம் எஞ்சிநின்ற இழப்பு, பத்தாண்டு முதுமையால் நேரும் இழப்புக்கு ஈடாக இருந்தது.

இதன் காரணம் பஞ்செலும்பின் அமைப்பில் உள்ளது. ஓட்டுக் கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஒரு சட்டம் மெலிந்துபோனால் அதன்மீது மரத்தை வைத்துத் தைத்துத் தடிப்பாக்கலாம். சட்டம் முற்றிலும் அற்று விழுந்துவிட்டால் வைத்துத் தைக்க இடமே இல்லை. எலும்பாக்கச் செல்களும் இருக்கும் பரப்பின்மீதுதான் புதிய எலும்பைப் படியவைக்கும். எஞ்சிய சட்டங்கள் தடிக்கின்றன. அற்றுப்போன இணைப்புகள் மீள்வதில்லை. டெக்சா அளவீட்டில் அடர்த்தி பழைய எண்ணை எட்டிய பின்னரும் எலும்பின் வலிமை குறைந்திருக்கக்கூடும். எனவே, இழந்த எலும்பை மீட்பதைவிட இழக்காமல் காப்பதே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அசைவின்றி உறங்கும் கரடிகள், உறக்கம் கலைந்து எழும்போது வலிமையான எலும்புகளுடனேயே எழுகின்றன. அவற்றின் உடல், எலும்பைப் புதுப்பிக்கும் பணியை மெதுவாக்கி, கால்சியத்தையும் வெளியேற்றாமல் காக்கிறது. அந்த நுட்பத்தை அறிய ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர்.

செவ்வாயை நோக்கி

செவ்வாய்க் கோளை அடைய ஒருவழிப் பயணத்திற்கு மட்டும் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். சென்று, தங்கி, திரும்பிவர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தேவைப்படலாம். விண்வெளி நிலையத்திலிருந்து திரும்புவோரைத் தாங்கிப் பிடிக்க மீட்புக் குழு காத்திருக்கும். செவ்வாயில் இறங்குவோரைத் தாங்க எவரும் இரார். எடைமிக்க விண்வெளி உடையுடன் அவர்களே இறங்கி, நடந்து, பணிபுரிய வேண்டும். அங்கே ஓர் எலும்பு முறிந்தால் அது பயணத்தின் நோக்கத்தையே முறித்துவிடும்.

செவ்வாயின் ஈர்ப்பு விசை புவியினுடையதில் 38 விழுக்காடு. நிலவினுடையது ஆறில் ஒரு பங்கு. எலும்பைக் காக்க அவ்வளவு ஈர்ப்பு போதுமா என்பது இன்னும் விடை காணப்படாத வினா. சுழலும் அமைப்பினால் செயற்கை ஈர்ப்பை உருவாக்கலாம் என்பது ஒரு வழி. 2019ஆம் ஆண்டு செருமனியின் கொலோன் நகரில் தன்னார்வலர்கள் தலைப்பகுதி 6 பாகை தாழ்ந்த கட்டிலில் 60 நாள்கள் எழாமல் படுத்திருந்தனர். எடையின்மையின் விளைவுகளைப் புவியிலேயே தோற்றுவிக்க இம்முறை உதவுகிறது. அவர்களுள் ஒரு பகுதியினரை நாள்தோறும் 30 நிமிடங்கள் சுழல்கருவியில் சுழற்றி, செயற்கை ஈர்ப்பின் பயன் ஆராயப்பட்டது. ககன்யான் திட்டத்தையும், 2035ஆம் ஆண்டிற்குள் தனக்கெனச் சொந்த விண்வெளி நிலையம் அமைப்பதையும் இலக்காகக் கொண்டுள்ள இந்தியாவிற்கும் இவ்வாய்வுகள் இன்றியமையாதவை.

மண்ணிற்கு வந்த பயன்

விண்வெளி வீரர்களுக்கு நேர்வது, விண்ணேறாத பலருக்கும் மெதுவாக நேர்கிறது. நோயுற்று நெடுநாள் படுக்கையில் கிடப்போர், தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால் அசைவை இழந்தோர், மாதவிடாய் நின்ற பெண்கள், முதியோர் ஆகியோர் எலும்பின் அடர்த்தியை இழக்கின்றனர். முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவர் படுக்கையிலேயே முடங்கிவிட நேர்கிறது. முடக்கம் எஞ்சிய எலும்பையும் மெலியச் செய்கிறது.

2011ஆம் ஆண்டு ஜூலையில் இறுதிப் பயணம் மேற்கொண்ட அட்லாண்டிஸ் விண்ணோடம் சுண்டெலிகளையும் சுமந்து சென்றது. எலும்பாக்கத்தைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டினைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள், எடையற்ற நிலையில் எலும்பைக் காக்குமா என்பதை அறிய அவை அனுப்பப்பட்டன. அதே வழியில் செயல்படும் ரோமோசோசுமாப் என்னும் மருந்து 2019இல் அமெரிக்காவில் எலும்புப்புரை நோய்க்கு ஒப்புதல் பெற்றது. விண்வெளி எலும்பு ஆய்வும் புவியின் மருத்துவமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வளர்கின்றன.

இவ்வறிவால் பெரிதும் பயன்பெற வேண்டியவர்கள் இளையோரே. ஒருவர் தம் வாழ்நாளில் பெறும் உச்ச எலும்பு நிறையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, 18 முதல் 20 வயதிற்குள் சேர்ந்துவிடுகிறது. முதுமையில் எடுத்துச் செலவிடப்படும் சேமிப்பு இப்பருவத்தில்தான் உருவாகிறது. ஓடுதல், குதித்தல், படியேறுதல், கபடி, கயிறாட்டம் போன்று உடலின் எடையைக் கால்கள் ஏற்கும் செயல்கள் எலும்பாக்கச் செல்களுக்கு வேலை கொடுக்கின்றன. பால், கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு உண்ணப்படும் சிறுமீன்கள் ஆகியன கால்சியத்தைத் தருகின்றன. தோலில் படும் வெயில் வைட்டமின் டி-யைத் தருகிறது. நாள் முழுதும் அமர்ந்தே இருக்கும் இளமை, புவியிலிருந்தபடியே தன் எலும்புகளின் சுமையைக் குறைத்துக்கொள்கிறது.

பல நூறு கிலோமீட்டர் உயரத்தில், கயிறுகளால் தம்மைக் கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டு, விண்வெளி வீரர்கள் நாள்தோறும் ஓடுகின்றனர். புவி எவ்விலையுமின்றி ஒவ்வொருவருக்கும் வழங்கும் எடையை, அவர்கள் கருவிகளிடமிருந்து கேட்டுப் பெறுகின்றனர். அந்த எடையைச் சுமந்து நிமிர்ந்து நடப்பதற்கு, மண்ணில் வாழ்வோருக்கு இரு கால்களும் சிறிது நேரமுமே போதும்.

கற்பவை கற்றபின்...

1. எலும்பழிப்புச் செல்களும் எலும்பாக்கச் செல்களும் உரையாடுவதாகக் கற்பனை செய்து, ஓர் உரையாடல் எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

2. எலும்பு கரையத் தொடங்கியபின் குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவது குறையும்வரை நிகழும் மாற்றங்களை வரிசைமுறையில் விளக்கப்படமாக வரைக.

3. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியோரிடம், அவர்கள் இளமையில் செய்த உடலுழைப்பு, உண்ட உணவு ஆகியவற்றைக் கேட்டறிந்து, இக்கால இளையோரின் வாழ்க்கைமுறையோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

4. ‘செவ்வாய்ப் பயணத்தின் பெரும் தடை தொலைவா, உடலா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.